1001ஆம் ஆண்டுக் குறிப்பும் எதல்ரெட்டின் அதிகாரிகளும்

இங்கிலாந்தின் இரண்டாம் எதல்ரெட்டைக் கையாலாகாத அரசராகக் காட்டும் மரபு ஒரே ஓர் எழுத்தாளரைச் சார்ந்து நிற்கிறது. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பேட்டின் சி, டி, ஈ சுவடிகளில் 983 முதல் 1016 வரை உள்ள பகுதியை எழுதிய பெயர் தெரியாத அந்த மனிதர், எல்லாம் முடிந்து டேனியரான கனூட் அரியணை ஏறிய பிறகே எழுத உட்கார்ந்தார். முடிவு தெரிந்தவர் எழுதிய கதையில் ஒவ்வோர் ஆண்டும் அந்த முடிவை நோக்கியே ஓடும். இதை எடுத்துக்காட்டிய ஆய்வாளர்கள் சாசனங்களையும் நாணயங்களையும் முன்வைத்து அரசரை ஓரளவு மீட்டுவிட்டார்கள். ஆனால் அவர்கள் கையிலிருந்த மிகச் சிறந்த சான்றை அரைகுறையாகவே பயன்படுத்தினார்கள்.

அந்தச் சான்று ஏ சுவடியின் 1001ஆம் ஆண்டுக் குறிப்பு. எதல்ரெட் காலம் முழுவதும் ஏறக்குறைய மௌனம் காக்கும் ஏ சுவடி, இந்த ஓராண்டுக்கு மட்டும் வாய் திறந்து விரிவாகப் பேசுகிறது. நிகழ்ச்சிகள் நடந்த சூட்டில், வின்செஸ்டர் வட்டாரத்தில் எழுதப்பட்டது என்று கொள்ளத் தடையில்லை. ஏ, சி சுவடிகளின் குறிப்புகளை அருகருகே வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். டெவனில் நடந்த பின்ஹோ சண்டைக்கு டெவன், சாமர்செட் மக்களின் மாபெரும் படை திரண்டது, மோதிய கணமே பின்வாங்கியது என்கிறது சி. திரட்ட முடிந்த படையோடு கோலா, ஈட்ஸிகே என்ற இரண்டு ரீவ்கள், அதாவது அரச அதிகாரிகள், டேனியரை எதிர்கொண்டு தோற்றார்கள் என்கிறது ஏ. படை பெரிதாக இருந்தால்தானே ஓட்டம் வெட்கக்கேடாகும்! சி சொல்லாமலே விட்ட டீன் சண்டையையும் ஏ பதிவு செய்கிறது: ஹாம்ப்ஷயர் தரப்பில் 81 பேர் மாண்டார்கள், களம் டேனியர் வசமானாலும் அவர்கள் பக்கம் இழப்பு இன்னும் அதிகம்.

மற்றவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, பிற்கால எழுத்தாளர் மிகைப்படுத்துகிறார் என்று முடித்துவிட்டார்கள். மாண்டவர்களின் பெயர்களைப் படிப்பதே அதைவிடப் பயனுள்ளது. எதல்வேர்ட், லியோஃப்வின் இருவரும் அரசரின் உயர் ரீவ்கள். வுல்ஃப்ஹெர் ஆயரின் அலுவலர். விட்சர்ச் ஊர் லியோஃப்ரிக். வொர்த்தி ஊர் காட்வின், ஆயர் ஆல்ஃப்சிகேயின் மகன். (ஆயர் இறந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்ததால், இந்த மகன் களம் புகுந்தபோது இளைஞர் அல்லர்.) அப்போது ஹாம்ப்ஷயரின் எல்டர்மன், அதாவது அந்தப் பகுதிப் படையை நடத்த வேண்டிய பெருந்தலைவர், ஆல்ஃப்ரிக். அவர் பெயர் இங்கே இறந்தவராகவும் இல்லை, பிழைத்தவராகவும் இல்லை. டெவனிலும் படை நடத்தியவர்கள் ரீவ்களே.

ஒரே குறிப்பை வைத்து ஓர் ஆட்சியை எடைபோடுவது ஆபத்துதான். ஆல்ஃப்ரிக் களத்தில் இருந்தும் எழுதியவர் விட்டிருக்கலாம். 1003இல் அவர் நோய் வந்ததுபோல் நடித்துப் படையைக் கைவிட்டதாகச் சொல்லும் கதையும் அதே பகைமை கொண்ட பேனாவிலிருந்து வந்தது. அதைத் துணைக்கு அழைப்பது முறையாகாது. ஆயினும் வட்டாரத்து ஆட்களை ஊர்ப் பெயரோடு எழுதியவர், வட்டாரத்தின் தலைவரை மறந்தார் என்பது நம்பும்படியாக இல்லை. எழுதியவர் தனக்குத் தெரிந்தவர்களை மட்டும் பட்டியலிட்டார் என்ற மறுப்பும் நிற்காது. எல்டர்மனைத் தெரியாதவர் யார்?

ஆகவே 1001ஆம் ஆண்டுக் குறிப்பு காட்டுவது அரசரின் திறமையையோ திறமையின்மையையோ அல்ல, அதிகாரம் இடம் மாறியதை. பெருங்குடியினர் கையிலிருந்த படைப் பொறுப்பு, அரசர் நேரடியாக நியமித்த அதிகாரிகளிடம் நகர்ந்துகொண்டிருந்தது. உடனடி விலை 81 உயிர். ஆனால் 1018இல் கனூட் 72,000 பவுண்டும், அதற்கு மேல் லண்டனிடம் 10,500 பவுண்டும் வசூலித்தார் என்றால், இத்தகைய அதிகாரிகள் தாங்கி அவர் கைக்கு வந்தது சிதைந்துபோன நிர்வாகம் அல்ல. இந்தத் தொகைகளை நம்பலாமா என்ற பழைய சச்சரவு இங்கே தேவையில்லை. பாதியாக வைத்துக்கொண்டாலும் வாதம் மாறாது.

பெருந்தலைவர்கள் இந்த மாற்றத்தை உணராமல் இல்லை. 1002இல் எசெக்ஸ் எல்டர்மன் லியோஃப்சிகே, அரசரின் உயர் ரீவ் ஆஃபிக்கைக் கொன்று நாடு கடத்தப்பட்டார். பத்தாண்டு கழித்து, 1012ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றில் எதல்ரெட் இந்தக் கொலையை நினைவுகூர்கிறார்; தம் தலைமக்களுள் தலைசிறந்தவராகவே ஆஃபிக்கை மதித்ததாக அதில் பதிவு செய்கிறார்.