மடை திறந்த கதை

கூத்தாநல்லூரிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் வயல் வந்துவிடும். வெண்ணாற்றுப் பாசனத்தில் நாற்று நடுகிற, களை எடுக்கிற கால்களுக்குச் செருப்பு கிடையாது. சேற்றில் செருப்பு நிற்காது. அந்தக் கால்களுக்கு என்னென்ன வரும் என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள்: சேற்றுப்புண், பித்தவெடிப்பு, கால் ஆணி, முள் குத்திய ரத்தக்கட்டு. இந்தப் பட்டியலில் மெலனோமா என்ற பெயர் இருக்காது.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்றுநோய். வெளுத்த தோல்காரர்களுக்கு வெயிலால் அதிகம் வரும். நமக்கு அபூர்வம். "அப்ப நமக்கென்ன?" என்று விட்டுவிட முடியாது. கறுத்த தோல்காரர்களுக்கு வரும்போது அது பெரும்பாலும் வெயில் படாத இடங்களில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். இந்த வகைக்கு அக்ரல் மெலனோமா என்று பெயர். பாப் மார்லியின் கால் கட்டைவிரலில் வந்தது இதுதான். முதலில் கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்றே நினைத்தார்கள். 1977இல் நோய் இன்னதென்று தெரிந்தது. 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

உடம்பில் பரவிவிட்ட மெலனோமாவுக்கு அன்றைக்கு மருத்துவர்களிடம் பதில் இல்லை. 2010 வரைகூட அப்படித்தான். நோயாளிகளில் பாதிப்பேர் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. இன்று இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய ஆய்வில், பத்து ஆண்டுகள் கழித்தும் 43 சதவீதம் பேர் உயிரோடு இருக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் கதை. அது நூறு வருடத்துக்கு மேல் நீள்கிறது.

நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவர். அவரிடம் வந்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தி எலும்புப் புற்றால் 1891 ஜனவரியில் இறந்துபோனாள். கையை வெட்டி எடுத்தும் பலனில்லை. கோலிக்கு அது தாங்கவில்லை. பழைய மருத்துவமனைப் பதிவுகளைப் புரட்டினார். கழுத்தில் கட்டியோடு வந்த ஒருவருக்கு இடையில் அக்கி மாதிரியான கடும் தோல் தொற்று வந்து, காய்ச்சல் அடங்கியபோது கட்டியும் காணாமல் போயிருந்தது. அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்தார். நன்றாகவே இருந்தார். அதே வருடம் கோலி தன் நோயாளிகளுக்குக் கிருமிகளையே ஊசியாகப் போடத் தொடங்கினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, சிலருக்கு இல்லை, சிலர் தொற்றிலேயே இறந்தார்கள். ஏன் என்று அவரால் விளக்க முடியவில்லை. அதற்குள் எக்ஸ்ரே வந்துவிட்டது. கதிர்வீச்சுக்குக் கணக்கு இருந்தது, அளவு இருந்தது. கோலியின் முறை ஓரங்கட்டப்பட்டது.

இதே காலத்தை ஒட்டி நம் பக்கத்திலும் ஒரு மரணம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பை அவர் முப்பது வருடம் சுமந்தார். 1954இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. புற்றுநோய் என்றால் சாவு என்றே எல்லோரும் நம்பிய காலம் அது. தஞ்சாவூர்ப் பக்கத்து நோயாளிகளுக்கு "அடையாறு" என்பது ஓர் ஊரின் பெயராக இல்லாமல் நோயின் இன்னொரு பெயராகவே ஆனது இப்படித்தான்.

கோலியின் யோசனை சாகவில்லை. சென்னை கிண்டியில் 1948 முதல் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி தயாரானது. நம்மில் பலருடைய இடது தோளில் இருக்கும் சின்னத் தழும்பு அதனுடையதுதான். 1970 வாக்கில் அமெரிக்காவில் டொனால்ட் மார்ட்டன் அதே பிசிஜியை மெலனோமா கட்டிக்குள் நேராகச் செலுத்தினார். ஊசி போட்ட கட்டிகள் சுருங்கின. தூரத்தில் இருந்தவை பெரும்பாலும் அசையவில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு மட்டும் பிசிஜி நிலைத்தது, இன்றும் கொடுக்கிறார்கள். 1980களில் ஸ்டீவன் ரோசன்பெர்க், டி செல்களைப் பெருக வைக்கும் இன்டர்லூகின்-2 என்ற பொருளை மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார். சிலர் முற்றிலும் குணமானார்கள். பலர் அந்த மருந்தின் கொடுமையைத் தாங்க முடியாமல் தவித்தார்கள்.

இத்தனை பேரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உடம்பின் படையை உசுப்பிவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் போதவில்லை, இன்னும் கொட்டு என்பது மாதிரி. வயலுக்கு எதிரே மடை அடைத்திருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

பார்த்தவர் ஜேம்ஸ் அலிசன். சிறுவயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டி செல்லின் மேல் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் இருப்பது 1987லேயே தெரியும். அது அந்த செல்லைத் தூண்டும் என்றுதான் சிலர் நினைத்தார்கள். இல்லை, அது தடை என்று காட்டியவர்களில் அலிசனும் ஒருவர். அப்படியானால் அந்தத் தடையை ஒரு ஆன்டிபாடியால் மூடிவிட்டால்? 1996இல் எலிகளில் செய்து பார்த்தார்கள். கட்டிகள் கரைந்தன. ஜப்பானில் தசுகு ஹோன்ஜோ 1992இல் பிடி-1 என்ற இன்னொரு தடையைக் கண்டிருந்தார். புற்று செல் இதைத் தந்திரமாகப் பயன்படுத்துகிறது. அடிக்க வரும் டி செல்லிடம், "நான் நம்ம ஆளுதான், விடு" என்று சொல்லித் தப்பிக்கிறது. அந்தப் பேச்சை நடுவில் வெட்டிவிடுவதுதான் பிடி-1 மருந்தின் வேலை.

தடை இல்லாவிட்டால் டி செல் நம்மையே தின்றுவிடும். அதனால்தான் உடம்பு தடை வைத்திருக்கிறது. மடை திறந்த தண்ணீர் நமக்கு வேண்டிய வயலுக்கு மட்டும் பாயாது. இந்த மருந்துகளின் பக்கவிளைவு கீமோ மாதிரி முடி கொட்டுவது அல்ல. குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு என்று சொந்த உறுப்புகளையே படை தாக்கும். விடாத வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், கைமருந்து பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. இன்னொன்று: சிலருக்குத் தோலில் வெண்புள்ளிகள் வரும். நம் ஊரில் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. மெலனோமா நோயாளிக்கோ அது பெரும்பாலும் நல்ல செய்தி. நிறமி செல்களைப் படை அடையாளம் கண்டுகொண்டது என்று பொருள்.

மருந்து வந்தபோதும் நம்பிக்கை உடனே வரவில்லை. சிகிச்சை தொடங்கியதும் சிலருக்குக் கட்டி பெரிதானதுபோல் ஸ்கேனில் தெரிந்தது, பிறகுதான் சுருங்கியது. கீமோவுக்குப் போட்ட பழைய அளவுகோல் இதற்குப் பொருந்தவில்லை. ஒரு நிறுவனம் 2008இல் தன் ஆய்வைத் தோல்வி என்று நிறுத்தியேவிட்டது. இன்னொரு நிறுவனம், கட்டி சுருங்கியதா என்று பார்க்காமல் ஆள் எத்தனை நாள் உயிரோடு இருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தது. அதில் பிழைத்து வந்ததுதான் இபிலிமுமாப். 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2014இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப். மூளைக்கும் கல்லீரலுக்கும் மெலனோமா பரவிய ஜிம்மி கார்ட்டர் 2015இல் பெம்ப்ரோலிசுமாப் எடுத்துக்கொண்டார், 2024இல் நூறு வயதில் இறந்தார். அலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு.

இங்கே கதையை முடித்தால் அழகாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். அந்த 43 சதவீதம் பெரும்பாலும் வெயிலால் வரும் மெலனோமா நோயாளிகளின் கணக்கு. வெயில் சேதப்படுத்திய செல்லில் மரபணு மாற்றங்கள் அதிகம், படை எளிதில் அடையாளம் காணும். உள்ளங்காலில் வரும் மெலனோமாவில் மாற்றங்கள் குறைவு, மருந்துக்கு அது பணிவதும் குறைவு. நமக்கு வரும் வகைக்குத்தான் மருந்து குறைவாக வேலை செய்கிறது.

அடுத்தது விலை. சாதாரணக் குடும்பம் நிலத்தை விற்றாலும் முழுச் சிகிச்சைக்கும் கட்டுப்படியாகாது. 2023 ஏப்ரல் முதல் பெம்ப்ரோலிசுமாபுக்கு இந்திய அரசு இறக்குமதி அடிப்படைச் சுங்கவரியை நீக்கியது, அப்படியும் எட்டாத உயரம்தான். இந்த இடத்தில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை கேட்ட கேள்வி முக்கியமானது: இவ்வளவு மருந்து எதற்கு? முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்கு நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம், வாய்வழி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240. 2022இல் வந்த முடிவில், ஒரு வருடம் தாண்டி உயிர்வாழ்ந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். இது மெலனோமா ஆய்வு இல்லை. ஆனாலும் அலிசன் கேட்ட மாதிரியே தலைகீழாகக் கேட்ட கேள்வி. இந்த முறை அதைக் கேட்டது நம் நாட்டின் வறுமை.

அதுவரை நம் கையில் இருப்பது பார்வை மட்டும்தான். பரவுவதற்கு முன்னால் வெட்டி எடுத்துவிட்டால் மெலனோமா குணமாகக்கூடிய நோய். உள்ளங்காலில் புதிதாக வந்த கறுப்புப் புள்ளி பெரிதாகிறதா, ஓரம் கோணலாக இருக்கிறதா, ஒரே புள்ளியில் இரண்டு மூன்று நிறம் தெரிகிறதா, ஆறாமல் கசிகிறதா, நகத்தில் கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கால் ஆணி என்று பிளேடால் சீவாதீர்கள், ஆசிட் வைக்காதீர்கள். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ தஞ்சாவூரிலோ தோல் மருத்துவரிடம் காட்டி, பயாப்ஸி தேவையா என்று கேளுங்கள். நடவு முடித்துக் கால் கழுவுகிற அம்மாவிடம், "அம்மா, காலைக் கொஞ்சம் காட்டு" என்று கேட்பதற்குக் காசு ஆகாது.