கடுகுப் பூவின் மலடும் மீட்பும்

கடுகுப் பூ மிகச் சிறியது. ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒருங்கே அமைந்தது. ஆதலின் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே அது சூல் கொள்கிறது. இரு வகைகளைக் கலந்து வீரிய விதை பெற விரும்புவோர் ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பைகளைக் கிள்ளியெறிய வேண்டும். வயற்பரப்பில் இது நடவாத காரியம் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

1990-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகரத்து விஞ்ஞானிகள், அமெரிக்க அறிஞர் துணையுடன், வழியொன்று கண்டனர். பாக்டீரியா ஒன்றினிடம் 'பார்னேஸ்' என்னும் நொதி உண்டு, அது ஆர்.என்.ஏ.வைச் சிதைப்பது. அதற்குரிய மரபணுவை, மகரந்தத்திற்கு ஊட்டமளிக்கும் படலத்தில் மட்டுமே செயற்படுமாறு செடியில் புகுத்தினர். மகரந்தம் தோன்றவில்லை. ஆனால் அம்மலடு சந்ததிக்கும் சென்றால் உழவன் கதி என்ன? கீரைப் பயிராயின் கவலையில்லை. கடுகிலோ விதையே விளைச்சல். நல்வாய்ப்பாக, அந்தப் பாக்டீரியா தன் நஞ்சால் தானே மடியாதிருக்க 'பார்ஸ்டார்' என்ற புரதத்தையும் வைத்திருக்கிறது. 1992-இல் அதன் மரபணுவைத் தந்தைச் செடியில் அமைத்து, கலப்புச் சந்ததிக்கு வளத்தை மீட்டனர்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழுவினர் இம்முறையை நம் நாட்டுக் கடுகில் கையாண்டனர். தாய் 'வருணா', தந்தை 'ஏர்லி ஹீரா-2', பிள்ளை 'டி.எம்.எச்.-11'. களைக்கொல்லியைத் தாங்கும் மூன்றாவது மரபணுவும் உடன் வந்தது. பூசலுக்கு அதுவே பெருங்காரணமென நாம் கருதுகிறோம். 2022 அக்டோபரில் மத்திய அரசின் மதிப்பீட்டுக் குழு இதனை வெளியிட இசைந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் அவ்விசைவு குறித்து மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர்.