நீலமே இல்லாத நீலம்: சஃபையர் மிங்க் பிறந்த கதை

சஃபையர் மிங்க்கின் மயிர் ஒன்றைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். நீலம் மருந்துக்கும் இருக்காது. கரும்பழுப்பு நிறமிதான் இருக்கும். அதுவும் சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாக. அப்படியிருந்தும் அந்தத் தோலில் மேலங்கி தைத்து விற்றவர்கள் அதற்கு நீலக்கல்லின் பெயரைச் சூட்டினார்கள்.

மிங்க் நீர்நாய்க் குடும்பத்துப் பிராணி. வட அமெரிக்க ஓடைக்கரைகளில் மீனும் தவளையும் பிடித்துத் தின்னும். காட்டில் அதன் நிறம் கரும்பழுப்புதான். 1860-களில் நியூயார்க் மாநிலத்தில் அதைக் கூண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். காட்டில் ஒளிந்தே கிடக்கும் சில மரபணுப் பிழைகள், பண்ணையில் சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்க்கும்போது வெளியே தலைகாட்டும்.

1931-இல் விஸ்கான்சினில் ஒரு பண்ணையில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடைத்தது. அதுதான் சில்வர்புளூ. 1941-இல் ஓரிகானில் துப்பாக்கி இரும்பின் நிறத்தில் இன்னொன்று வந்தது. அதற்கு அலூஷியன் என்று பெயர். இரண்டுமே ஒடுங்குநிலைப் பண்புகள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நிறம் வெளுக்கும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? பிறக்கும் குட்டிகள் அத்தனையும் பழையபடி கரும்பழுப்பு! ஒன்றிடம் பழுதான மரபணு மற்றதிடம் நல்லபடியாக இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது மூடிவிடுகிறது. மிங்க் ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். ஆகவே ஓர் ஆண்டு காத்திருந்து அந்தப் பழுப்புக் குட்டிகளையே தங்களுக்குள் இணை சேர்க்க வேண்டும். அடுத்த தலைமுறையில், மெண்டலின் கணக்குப்படி, 16-க்கு 9 பழுப்பு, 3 சில்வர்புளூ, 3 அலூஷியன். மிச்சம் ஒன்றே ஒன்று இரண்டு பழுதையும் இரட்டையாக வாங்கிக்கொண்டு பிறக்கும். அதுதான் சஃபையர். அதன் பிறகு கவலையில்லை. சஃபையரும் சஃபையரும் சேர்ந்தால் பிறப்பதெல்லாம் சஃபையர்.

எந்த மரபணுக்கள் பழுதானவை என்பது 2013-இல் தெரியவந்தது. நிறமி, செல்லுக்குள் சின்னச் சின்னப் பைகளில் இருக்கும். அந்தப் பைகளைச் செல்லின் ஓரத்துக்கு இழுத்துப் போக ஒரு கொக்கி வேண்டும். அந்தப் புரதத்தின் பெயர் மெலனோஃபிலின். சில்வர்புளூவில் கொக்கி சரியில்லை, அதனால் பைகள் நடுவிலேயே தேங்கிவிடுகின்றன. அலூஷியனில் கெட்டது லிஸ்ட் என்ற மரபணு. அங்கே பைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டிகளாகின்றன. நிறமி அதேதான், பரவல்தான் மாறியது. அதைத்தான் நம் கண் நீலச் சாம்பலாகப் பார்க்கிறது.

லிஸ்ட்டுக்கு வேலை மயிரில் மட்டுமல்ல. கிருமியை விழுங்கிச் செரிக்கும் வெள்ளணுக்களிலும் இதே போன்ற பைகள் உண்டு. அவையும் ஒட்டிக்கொண்டால் விழுங்கிய கிருமியைச் சரியாகக் கொல்ல முடியாது. மனிதக் குழந்தைகளுக்கு அரிதாக வரும் செடியாக்-ஹிகாஷி நோயும் இதே மரபணுப் பழுதால்தான் வருகிறது.

1956-இல் ஹார்ட்ஸோ, கோர்ஹம் என்ற இருவர் மிங்க்குகளைக் கொல்லும் ஒரு நோயை விவரித்தார்கள். பிறகு அது பார்வோ வைரஸின் வேலை என்று தெரிந்தது. எந்த நிற மிங்க்குக்கும் அது தொற்றும். ஆனால் அலூஷியன் மரபணு இரட்டையாக உள்ளவை சீக்கிரம் மடிந்தன. நோய்க்கே அலூஷியன் நோய் என்று பெயர் வந்தது. சஃபையரும் அந்த இரட்டையைச் சுமப்பதுதான்.

இந்த நோயைக் கண்டறிய, முன்பெல்லாம் பண்ணைகளில் மிங்க்கின் கால் நகத்தை வெட்டி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். அதன் தெளிநீரில் அயோடின் விடுவார்கள். பால் திரிவது போலத் திரிந்தால் நோய் என்று பொருள். அந்த மிங்க்கை இனப்பெருக்கத்துக்கு வைக்க மாட்டார்கள். நிறமி கட்டி தட்டியதால் விலை ஏறிய பிராணிக்கு, ரத்தத் தெளிநீர் கட்டி தட்டாமல் இருந்தால்தான் இன்னோர் ஆண்டு ஆயுள்.