சோறும் செய்தியும்: சில குறிப்புகள்

உணவைப் பற்றி எழுதுவதை ஒரு பத்திரிகைத் தொழிலாகக் கற்பது எப்படி என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ருசியை வர்ணிக்கும் சொற்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நாம் ஒரு வருஷத்திலிருந்து தொடங்கலாம்: 1957.

அந்த வருஷம் கிரெய்க் கிளெய்போர்ன் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் உணவுப் பகுதி ஆசிரியரானார். உணவகத்தைப் பற்றி எழுதுமுன் தான் யாரெனச் சொல்லாமல் பலமுறை போக வேண்டும், சாப்பாட்டுக்குப் பத்திரிகையே காசு கொடுக்க வேண்டும் என்கிற நடைமுறை அவர் காலத்தில்தான் வலுப்பெற்றது. அதே வருஷம் சென்னை முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து கைதானார்கள். அங்கே தட்டில் இருந்தது செய்தி; இங்கே பலகையில் இருந்தது செய்தி. இந்த இரண்டாவதை நம் உணவுப் பக்கங்கள் தம் வரலாறாகக் கொள்வதில்லை.

தமிழில் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ (1951) அளவையும் பக்குவத்தையும் அச்சில் நிறுத்தியது. ஆனால் அது பிராமணர் வீட்டு சைவ அடுக்களை. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) ஒரு டம்ளர் காப்பிக்குள் இருக்கும் சமூக வரலாற்றைக் காட்டியது. 2015இல் ஷாஹு பட்டோலே மராத்தியில் தலித் அடுக்களைகளை எழுதினார்.

புதுச்சேரி உணவு என்றால் எழுதுகிறவர்கள் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களைத் தாண்டுவதில்லை. நான் ஏம்பலத்தில், நடவு நட்டே முதிர்ந்த ஓர் ஆயாவிடம் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். நத்தைக் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டேன்.

“அத எழுதி இன்னா பண்ணப் போற? மருந்து அடிக்காத வயல்ல நத்த கெடக்கும். இப்ப எங்க கெடக்குது?”

நான் கேட்டது செய்முறை. ஆயா சொன்னது செய்தி. யார் நிலம், என்ன மருந்து, கூலி நெல்லா காசா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எம்.ஏ. தமிழ் படித்த மூளைக்குக் குழம்பின் மணம் போதுமாயிருந்தது.

இத்தனைக்கும் பாடம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1736இல் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை வணிகர். தேதி, சரக்கு, விலை, யார் வந்தார், யார் கொடுத்தார் என்று குறித்தார். அவர் இறந்த சில நாட்களில், 1761 ஜனவரி 16இல், முற்றுகையால் சோறில்லாமல் போன நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பசியும் உணவின் வரலாறுதான்.

ஆகவே கற்க வேண்டியது பெயரடைகளை அல்ல. யார் விளைத்தது, யார் சமைத்தது, யார் உள்ளே வரக்கூடாது, யாருக்கு மிஞ்சியது என்று கேட்கப் பழக வேண்டும். ருசியைப் பிறகு எழுதலாம். நான் மறுபடி ஏம்பலம் போக வேண்டும்.