மன்னிப்புக்கு முன்னால் ஒரு சுவர்

1745 அக்டோபரில் புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் நின்ற ஒரு சுவர் இடிக்கப்பட்டது. கோவிலின் வடபுறத்தில் எழுப்பியிருந்த அந்தச் சுவருக்கு ஒரு பக்கம் பறையர்கள். மறுபக்கம் ஐரோப்பியர், கலப்பினத்தவர், சாதித் தமிழர்கள். ஒரே பலிபீடம், ஒரே பூசை, நடுவில் சுவர்.

இந்தச் செய்தியை நமக்கு விட்டுச் சென்றவர் கிறித்தவர் அல்ல. பின்னாளில் ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தது இது.

மேட்டுப்பாளையத்தில் இருந்து சம்பா கோவில் சில கிலோமீட்டர்தான். ஆனாலும் நம் பிள்ளைகளில் பலருக்கு இந்தச் சுவரின் கதை தெரியாது. இங்கே நாங்கள் கூடி வாசிக்கும்போது மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வி: "அன்பும் மன்னிப்பும்தான் கிறித்தவம் என்கிறார்கள். அப்படியென்றால் நமக்கு நடந்ததையெல்லாம் நாம் மன்னித்துவிட வேண்டுமா?" அதற்குப் பதில் தேடும்போது இந்த ஊரின் வரலாற்றையே முதலில் புரட்ட வேண்டியிருக்கிறது.

குடிசைக்குள் நுழையாத மன்னிப்பு

சுவருக்கும் முந்திய கதை ஒன்று உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியினரைக் கிறித்தவத்துக்குக் கொண்டுவருவதற்காகத் தானே ஒரு சந்நியாசியாக வாழ்ந்தார். அவர் போட்ட பாதையில் இயேசு சபையினர் சாதி வழக்கங்களை "நாட்டு வழக்கம்" என்று சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். உயர்சாதியினரிடம் பழகும் குருக்கள் பறையர் வீட்டுக்குள் கால் வைத்தால் தீட்டு. அதனால் பறையர் ஒருவர் சாகக் கிடந்தால் குரு அங்கே போகமாட்டார். நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும்.

சாகும் தறுவாயில் ஒரு கத்தோலிக்கருக்குக் கிடைப்பது என்ன? பாவசங்கீர்த்தனம், நற்கருணை, அவஸ்தைபூசுதல். அதாவது மன்னிப்பு. கடவுளே தருவதாகச் சொல்லப்பட்ட அந்த மன்னிப்பு, பறையரின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வர மறுத்தது. இதைவிடக் கொடிய செய்தி ஏதும் இந்த வரலாற்றில் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இந்த வழக்கு ரோம் வரை போனது. போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், நோயுற்ற பறையரின் வீட்டுக்கே குருக்கள் சென்று அருட்சாதனங்களைத் தர வேண்டும் என்று 1704இல் ஆணையிட்டார். ஆணை இங்கிருந்துதான் போடப்பட்டது. ஆனால் அதைச் செய்யாமல் இருப்பதற்கான வாதங்கள் நாற்பது ஆண்டுகள் ஓடின. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அந்த ஆணையை மீண்டும் வலியுறுத்தினார். அப்போது இயேசு சபையினர் கண்டுபிடித்த வழி, பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குவது. அருட்சாதனம் வீட்டுக்குள் வந்தது, ஆனால் சாதியையும் கூடவே அழைத்துக்கொண்டு வந்தது.

இடித்தது யார்?

அதற்கு அடுத்த ஆண்டுதான் சம்பா கோவில் சுவர் விழுந்தது. காரைக்காலில் இருந்து வந்த பாதிரியார் ஒருவர் எடுத்துச் சொல்ல, பறையர்கள் திரண்டு தலைமைப் பாதிரியாரிடம் போனார்கள் என்கிறது நாட்குறிப்பு. அவர்கள் கேட்டதைக் கவனியுங்கள். எங்கள்மேல் இரக்கம் காட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஆண்டவர் தன் அடியாரிடம் பேதம் பார்க்கவில்லையே, நீங்கள் மட்டும் ஏன் இதற்கு ஒப்புக்கொண்டீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள். பாதிரியார் அதில் நியாயம் இருப்பதை ஏற்றுச் சுவரை இடிக்கச் சொன்னார். எல்லாரும் என் பிள்ளைகள், கலந்து உட்காருங்கள் என்றார்.

சாதிக் கிறித்தவர்கள் கொதித்துப் போனார்கள். கோவிலுக்கு வருவதில்லை என்கிற அளவுக்குத் தகராறு முற்றியது. பாதிரியார் ஆளுநரிடம் போக, கூட்டம் கூடிப் பேசுகிறவர்களைப் பிடித்து அடைக்கும்படி துய்ப்ளேக்ஸ் உத்தரவிட்டார்.

தோழர்களே, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அன்பு அன்பு என்று பிரசங்கம் கேட்டவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அன்பை நம்பி, அதற்குக் கணக்குக் கேட்டவர்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தார்கள். சுவர் தானாகக் கரையவில்லை. கேள்வி கேட்ட பிறகுதான் விழுந்தது.

சுவர்கள் இடம் மாறின

சுவர் விழுந்ததால் சாதி விழுந்துவிடவில்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில், சாதிக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக் கட்டிய கோவிலை மக்கள் "கால்சட்டைக் கோவில்" என்றே அழைத்தார்கள். அங்கே தடுப்புகள் 1910இல் அகற்றப்பட்டபோது உயர்சாதியினர் நீதிமன்றம் போனார்கள். தனியிடம் எங்கள் உரிமை என்ற அவர்களுடைய வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. திருச்சி மேலப்புதூரில் சுவர் கல்லறைத் தோட்டத்துக்குள் எழுந்தது. செத்த பிறகும் பிரிவு.

நம் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்திலேயே எறையூர் இருக்கிறது. தனிக் கல்லறை, தனிச் சவ வண்டி, முதன்மைத் தெரு வழியாகச் சவ ஊர்வலம் போகத் தடை. இவற்றைச் சகிக்க முடியாத தலித் கிறித்தவர்கள் தங்கள் சகாயமாதா கோவிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டு 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9 அன்று அவர்கள் தாக்கப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் உயிரிழந்தார்கள். ஒரே ஜெபமாலையை உருட்டிய ஊரில் இது நடந்தது. அந்த இரண்டு உயிர்களுக்கும் சேர்த்தேதான் நாம் துக்கப்படுகிறோம். அவர்களையும் பலி வாங்கியது சாதிதான்.

மன்னிப்புக்கு ஒரு வரிசை உண்டு

இனி மாணவர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். அண்ணல் அம்பேத்கர், மதம் மாறியவர்களின் நிலை பற்றி எழுதியபோது ஒன்றைச் சுட்டிக்காட்டினார். வீழ்ச்சிக்குக் காரணம் உன் பாவம், மருந்து பாவ மன்னிப்பு என்று ஒருவருக்குக் கற்பித்தால், தன்னை வீழ்த்திய சமூகத்தை மாற்ற அவர் எழமாட்டார் என்பது அவருடைய கவலை. மன்னிப்பு என்ற சொல் நம்மை உட்கார வைக்கவும் பயன்படும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

ஆனால் கிறித்தவ மறைநூலே அப்படிச் சொல்கிறதா? சகேயு கதையை எடுத்துக்கொள்வோம். ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான், இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார் இயேசு. மலைப்பொழிவில் அவர் சொன்னதும் அதே வரிசைதான். உன்மேல் உன் சகோதரனுக்கு மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு. நடக்க வேண்டியவன் தவறு செய்தவன். பாதிக்கப்பட்டவன் ஓடி வந்து மன்னிக்க வேண்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஒப்புரவு அருட்சாதனத்திலும் மனம் வருந்துதல், அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல் என்று மூன்று படிகள். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு அதைப் பாவம் என்றது. அதை வரவேற்கிறோம். அது இரண்டாம் படி. மூன்றாவது இன்னும் பாக்கி. பொதுக் கல்லறை, பொதுத் தெரு, குருமடத்திலும் ஆயர் பதவியிலும் பங்கு, திருச்சபைப் பள்ளி கல்லூரிகளில் இடமும் வேலையும். இவையெல்லாம் சலுகைகள் அல்ல, பரிகாரம்.

மன்னிப்பது பலவீனம் என்று நாங்கள் சொல்லவில்லை. மன்னிக்கும் அதிகாரம் காயம்பட்டவரிடம் மட்டுமே உண்டு. அதை யாரும் அவர் கையில் இருந்து பிடுங்கி, அவர் சார்பில் தந்துவிட முடியாது. ஆகவே, அடுத்த முறை யாராவது "பழசை மறந்து மன்னித்துவிடுங்கள்" என்று சொன்னால், கோபப்படாமல் ஒன்று கேளுங்கள்: சுவரை எடுத்துவிட்டீர்களா?