நியூமோகாக்கல் தடுப்பூசி: செவிலிய மாணவர்கள் அறிய வேண்டிய அடிப்படைகள்

புதுதில்லி: நிமோனியா, மூளைக்காய்ச்சல் உள்ளிட்ட கடும் நோய்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் நியூமோகாக்கல் கான்ஜுகேட் தடுப்பூசி, தேசிய நோய்த்தடுப்பு அட்டவணையின்கீழ் நாடு முழுவதும் இலவசமாகச் செலுத்தப்படுகிறது. பிசிவி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இத்தடுப்பூசி கெடாத நிலையில், உரிய வயதில், மூன்று தவணைகளும் தவறாமல் குழந்தையைச் சென்றடைவது பெரும்பாலும் செவிலியரின் கையிலேயே உள்ளது.

நோயும் கிருமியும்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே என்ற பாக்டீரியாவே நியூமோகாக்கஸ் எனப்படுகிறது. 1881-ஆம் ஆண்டில் பிரான்ஸில் லூயி பாஸ்டரும், அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். நலமாக உள்ள குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும்கூட இக்கிருமி தங்கியிருக்கும். இருமல், தும்மல் வழியே பிறருக்குப் பரவும். நுரையீரலை அடைந்தால் நிமோனியாவும், ரத்தத்தில் கலந்தால் ரத்த நச்சேற்றமும், மூளை உறையைத் தாக்கினால் மூளைக்காய்ச்சலும் ஏற்படும். நடுக்காது அழற்சிக்கும் இது ஒரு முக்கியக் காரணம். இரண்டு வயதுக்கு உள்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து மிக அதிகம்.

இரு வகைத் தடுப்பூசிகள்

இக்கிருமியைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான உறை உண்டு. அந்த உறையின் அமைப்பைக் கொண்டு சுமார் 100 வகைகள் பிரித்தறியப்பட்டுள்ளன. உறைப்பொருளை மட்டும் கொண்ட பாலிசாக்கரைடு தடுப்பூசி 23 வகைகளுக்கு எதிரானது. எனினும், இரண்டு வயதுக்கு உள்பட்ட குழந்தைகளின் உடல் அதற்குப் போதிய எதிர்ப்பாற்றலை உருவாக்குவதில்லை. அதே உறைப்பொருளை ஒரு புரதத்துடன் இணைத்துத் தயாரிப்பதே கான்ஜுகேட் தடுப்பூசி. புரதம் இணைந்திருப்பதால் கைக்குழந்தைகளின் உடலிலும் எதிர்ப்பாற்றல் உருவாகி, நோய் எதிர்ப்பு நினைவும் பதிகிறது. இந்த வேறுபாட்டை அறிந்தால், குழந்தைகளுக்கான அட்டவணையில் பிசிவி இடம்பெற்றதன் காரணம் விளங்கும்.

இந்தியாவில் அறிமுகம்

2017 மே மாதம் இத்தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் இமாச்சலப் பிரதேசத்திலும், உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களின் சில மாவட்டங்களிலும் செலுத்தப்பட்டது. பின்னர் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் மாநிலங்களுக்கு விரிந்தது. சீரம் இன்ஸ்டிடியூட் நிறுவனம் உருவாக்கிய, 10 வகைகளுக்கு எதிரான ‘நியூமோசில்’ 2020 டிசம்பரில் அறிமுகமானது. 2021-22 மத்திய பட்ஜெட்டில் நாடு தழுவிய விரிவாக்கம் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பை இது தடுக்கும் என்று அப்போது தெரிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஜூலையில் இத்தடுப்பூசி செலுத்தப்படத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று நாடு தழுவிய விரிவாக்கத்தை அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியா தில்லியில் தொடங்கி வைத்தார்.

தவணையும் செலுத்தும் முறையும்

ஆறாவது வாரம், 14-ஆவது வாரம் ஆகியவற்றில் இரண்டு முதன்மைத் தவணைகளும், ஒன்பதாவது மாதம் முடிந்தபின் ஊக்கத் தவணையும் வழங்கப்படுகின்றன. பென்டாவேலன்ட் தடுப்பூசிக்கு 10-ஆவது வாரத்திலும் தவணை உண்டு, பிசிவி-க்கு இல்லை. முதன்மைத் தவணைகளுக்கு இடையே குறைந்தது 8 வார இடைவெளி தேவை. முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தவணையாவது பெற்ற குழந்தைக்கு, தாமதமானாலும் எஞ்சிய தவணைகளை முடிக்க வேண்டும்.

ஒரு தவணையின் அளவு 0.5 மில்லி லிட்டர். வலது தொடையின் நடுப்பகுதியில், முன்புற வெளிப்பக்கத் தசையில் இது செலுத்தப்படும். பென்டாவேலன்ட் இடது தொடையில் போடப்படுவதால், இரண்டையும் ஒரே நாளில் செலுத்தலாம். ஆனால் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. முந்தைய தவணையால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மீண்டும் செலுத்தக் கூடாது. கடும் காய்ச்சல் இருந்தால் குணமாகும்வரை தள்ளிவைக்கலாம். லேசான சளி, இருமல் தடையல்ல.

குளிர்பதனத்தில் கவனம்

2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இம்மருந்தைப் பாதுகாக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் இது வீரியத்தை இழந்துவிடும். குப்பியில் ஒட்டப்பட்டுள்ள கண்காணிப்புக் குறி வெப்பத்தால் ஏற்படும் பாதிப்பை மட்டுமே காட்டும். மருந்து உறைந்ததை அது காட்டாது. எனவே குறி நல்ல நிலையில் இருப்பதை மட்டும் நம்பி, உறைந்ததாகச் சந்தேகிக்கப்படும் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. உறைநிலையிலிருந்து அப்போதே எடுத்த ஐஸ் பேக்குகளைச் சற்று உருகவிட்டு, உள்ளே நீர் அசையும் நிலைக்கு வந்தபின்பே தடுப்பூசிப் பெட்டியில் வைக்க வேண்டும்.

பல தவணைகள் கொண்ட குப்பியைத் திறந்ததும் தேதியையும் நேரத்தையும் அதன்மீது குறிப்பது கட்டாயம். உரிய வெப்பநிலையில் இருந்து, காலாவதியாகாமல், கண்காணிப்புக் குறியும் சரியாக இருந்தால், திறந்த குப்பியை 28 நாள்கள் வரை பயன்படுத்தலாம்.

பெற்றோரிடம் கூற வேண்டியவை

ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், லேசான காய்ச்சல் ஏற்படலாம். அவை ஓரிரு நாள்களில் குறையும். அரிதாக ஏற்படக்கூடிய கடும் ஒவ்வாமையை உடனே கண்டறிய, குழந்தையை 30 நிமிடங்கள் மையத்திலேயே வைத்திருக்க வேண்டும். எந்த நோய்க்கு எந்தத் தடுப்பூசி போடப்பட்டது, என்னென்ன பக்கவிளைவுகள் வரலாம், அடுத்து எப்போது வர வேண்டும், தாய்-சேய் பாதுகாப்பு அட்டையை ஏன் பத்திரப்படுத்த வேண்டும் ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் விளக்குவது செவிலியரின் கடமை.

14-ஆவது வாரத்துக்குப் பின் ஊக்கத் தவணைக்கு ஐந்து மாதங்களுக்கும் மேல் இடைவெளி இருப்பதால், அத்தேதியைப் பெற்றோர் மறந்துவிட வாய்ப்பு அதிகம். முதன்மைத் தவணைகளால் கிடைத்த எதிர்ப்பாற்றலை வலுப்படுத்தி நீடிக்கச் செய்வது அந்த மூன்றாவது ஊசியே. எனவே 14-ஆவது வாரத்திலேயே அடுத்த தேதியை அட்டையில் எழுதி, பெற்றோரிடம் வாய்மொழியாகவும் தெரிவிப்பது அவசியம்.