மந்தியின் தேர்வும் ஆய்வாளரின் பார்வையும்

விலங்கியல் உண்மைகளைச் சமூக வரலாற்றுக்குப் புறம்பானவையாகக் கருதும் வழக்கம் அறிஞரிடையேயும் உண்டு. ஆயின் எந்த உண்மை கண்ணிற்படுகிறது, எது படாது போகிறது என்பதைக் காண்பவரின் சமூகச் சூழலும் ஆய்வுமுறையும் பெரிதும் நிர்ணயிக்கின்றன. குரங்குகளின் புணர்ச்சியில் மந்திக்குத் தேர்வு உண்டா என்ற வினாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

டார்வின் விலங்குலகில் தமது ஆங்கிலச் சமுதாயத்தையே காண்கிறார் என்னும் கருத்துப்பட மார்க்ஸ் 1862இல் ஏங்கல்சுக்கு எழுதினார். 1871இல் வெளியான 'மனிதனின் தோற்றம்' என்னும் நூலில் டார்வின் பால்வழித் தேர்வின் இரு கூறுகளை விளக்கினார். ஒன்று, ஆண்கள் தம்முட் பொருதல். மற்றையது, பெண் தன் துணையைத் தெரிதல். போட்டியை இயற்கை நியதியாகக் கண்ட விக்டோரியாச் சமுதாயம் முதலாவதை எளிதில் ஏற்றது. இரண்டாவதை வலசு போன்ற பரிணாமவாதிகளே மறுத்தனர்.

இப்பார்வையின் உச்சத்தை இலண்டன் மிருகக்காட்சிச்சாலையிற் காணலாம். அங்கு 1925இல் அமைக்கப்பட்ட குரங்குக்குன்றில் ஏறத்தாழ நூறு ஹமட்றயாஸ் பபூன்கள் விடப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை கடுவன்கள். 1927இல் 30 மந்திகள் சேர்க்கப்பட்டபோது மூண்ட சண்டைகளிற் பல மந்திகள் மாண்டன. இக்கூட்டத்தை ஆராய்ந்த சக்கர்மன், 1932இல் வெளியிட்ட நூலிற் பாலுறவுக் கவர்ச்சியே குரங்குச் சமுதாயத்தின் அடித்தளம் என்றார். சிறைவைப்பும் செயற்கையான பால் விகிதமும் விளைத்த வன்முறை, இயற்கையின் நியதியாகப் பொதுமைப்படுத்தப்பட்டது.

அதே இனத்தை 1960களில் எதியோப்பியாவில் அதன் இயற்கைச் சூழலில் ஆராய்ந்தவர் ஹான்ஸ் கும்மர். கடுவன் தன் மந்திகளைக் கழுத்திற் கடித்து அடக்குவதை அவரும் கண்டார். ஆயினும் பாக்மனும் அவரும் 1980இல் வெளியிட்ட பரிசோதனை முடிவு நோக்கற்பாலது. ஒரு மந்தி தன் கடுவனை எவ்வளவுக்கு விரும்புகிறதோ, அவ்வளவுக்குப் போட்டிக் கடுவன் அதனைக் கவர முனைவது பொதுவாகக் குறைந்தது. அடக்குமுறை மிக்க அவ்வினத்திலும் மந்தியின் விருப்பம் கணக்கிற்கொள்ளப்படுகிறது என்பது இதனாற் பெறப்படும்.

இம்மாற்றத்திற்கு ஆய்வுமுறையும் காரணமாயிற்று. கண்ணைக் கவரும் கடுவன்களின் சண்டைகளையே முதன்மையாகப் பதிவுசெய்வது முன்னைய வழக்கு. ஒவ்வொரு குரங்கையும் குறித்த நேரம் தொடர்ந்து நோக்கிப் பதியும் முறையை ஜீன் ஆல்ட்மன் 1974இல் வலியுறுத்தினார். மாதர் இயக்கம் வலுப்பெற்று, பெண்கள் பல்கலைக்கழகங்களிலும் கள ஆய்விலும் பெருகிய காலம் அது. கென்யாவின் பபூன்களை ஆராய்ந்த பார்பரா ஸ்மட்ஸ், மந்திகள் சில கடுவன்களுடன் நெடுநாள் நட்புப் பூணுவதையும், விரும்பாத கடுவனுக்கு இணங்காது விலகிச்செல்வதையும் 1985இல் விவரித்தார். மந்திகள் அன்றுதான் தெரியத் தொடங்கவில்லை. ஆய்வாளரே அன்று காணத் தொடங்கினர்.

இதிலிருந்து மந்தியைச் சுதந்திரப் பெண்ணின் முன்னோடியாகக் காண்பதும் பிறிதொரு மயக்கமே. சிங்களத்தில் ரிலவா எனப்படும், இலங்கைக்கே உரிய குரங்கைப் பொலன்னறுவையில் 1968 முதல் டிட்டஸ் ஆராய்ந்தார். உணவுப் போட்டியிற் கீழ்நிலைப்பட்ட இளங்குரங்குகள், குறிப்பாகப் பெண் குட்டிகள், மிகுதியாக மடிவதை அவர் 1977இற் காட்டினார். துணையைத் தெரியும் பருவம் வரை உயிர்வாழ்வதே உணவைப் பொறுத்தது. தேர்வு பொருள்நிலைமைகளுக்கு அப்பாற்பட்டதன்று.

விலங்குச் சமுதாயத்திலிருந்து மனித சமுதாயம்பற்றி எதிர்மறையான முடிவுகளையே பெறலாம் என ஏங்கல்ஸ் 1884இல் எச்சரித்தார். ஆணாதிக்கம் இயற்கையானது என்போர் குரங்கைச் சாட்சிக்கு அழைக்கும்போதெல்லாம், எந்தக் குரங்கு, எந்தக் கூண்டில், யாராற் காணப்பட்டது என வினவுதல் நம் கடமையாகும். பெண்ணின் சமத்துவத்திற்கான நியாயத்தை மனித உழைப்பினதும் போராட்டத்தினதும் வரலாற்றிலேயே தேடவேண்டும்.